ரெம்பிராண்ட்: உள்ளங்கை அளவு அச்சுப்படத்தில் நிலைத்த ஒரு குடும்பம்

மேசையருகே ஓர் ஓவியர் அமர்ந்திருக்கிறார். அகன்ற தொப்பியின் விளிம்பு அவர் முகத்தில் நிழல் வீழ்த்துகிறது. கையில் வரையும் கருவி இருக்கிறது. முன்னால் காகிதம் விரிந்திருக்கிறது. அவருக்குப் பின்னால், மேசைக்கு அப்பால், இளம் மனைவி அமைதியாக அமர்ந்திருக்கிறார். வேறு அலங்காரம் எதுவும் இல்லை. நீளமும் அகலமும் ஏறத்தாழ 10 சென்டிமீட்டரே கொண்ட இந்தச் சிறிய அச்சுப்படத்தை, நெதர்லாந்தின் மாபெரும் ஓவியர் ரெம்பிராண்ட் 1636ஆம் ஆண்டு உருவாக்கினார். அவரும் மனைவி சாஸ்கியாவும் ஒன்றாக இடம்பெறும் அச்சுப்படம் இது ஒன்றுதான்.

அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான் அத்தம்பதியின் முதல் குழந்தை இறந்திருந்தது. அடுத்த 6 ஆண்டுகளில் மேலும் இரண்டு குழந்தைகளும், பின்னர் சாஸ்கியாவும் மறைந்தனர். 20 ஆண்டுகளில் வீடு கடனில் மூழ்கியது. ரெம்பிராண்ட்டின் வாழ்க்கையில் நிலைத்து நின்ற பொருள்கள் மிகக் குறைவு. அவற்றுள், வீட்டையும் வேலையையும் ஒரே மேசையில் காட்டும் இந்தச் சிறு படமும் ஒன்று.

மாவு ஆலைக்காரரின் மகன்

ரெம்பிராண்ட் 1606ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள் நெதர்லாந்தின் லைடன் நகரில் பிறந்தார். தந்தை ஹார்மன், ரைன் நதியின் கிளையை ஒட்டியிருந்த காற்றாலை ஒன்றில் தானியம் அரைப்பவர். குடும்பத்தின் வான் ரைன் என்ற பெயர் அந்த நதியைக் குறிப்பது. தாய் நேல்ட்கன், ரொட்டி சுடும் குடும்பத்தில் பிறந்தவர். பல பிள்ளைகள் இருந்த அக்குடும்பத்தில் ரெம்பிராண்ட்டுக்கு மட்டும் உயர்கல்வி அளிக்கப் பெற்றோர் விரும்பினர். லத்தீன் பள்ளியில் பயின்ற அவர், 1620ஆம் ஆண்டு லைடன் பல்கலைக்கழகத்தில் பெயர் பதிந்தார். ஆனால் மனம் ஓவியத்திலேயே நின்றது.

லைடனில் யாக்கோப் வான் ஸ்வானன்பர்க் என்னும் ஓவியரிடம் சுமார் 3 ஆண்டுகள் அடிப்படைகளைக் கற்றார். பின்னர் ஆம்ஸ்டர்டாமில் பீட்டர் லாஸ்ட்மனிடம் அரையாண்டு பயின்றார். கதையொன்றின் முக்கியமான நொடியைத் தேர்ந்து, மனிதர்களின் முகபாவங்களாலும் கையசைவுகளாலும் அதை விளங்கச் செய்யும் முறையை லாஸ்ட்மனிடமிருந்தே அவர் பெற்றார். ஊர் திரும்பியதும் நண்பர் யான் லீவன்ஸுடன் இணைந்து பணியாற்றினார். 1628இல் ஹெரிட் டவ் அவருடைய முதல் மாணவராகச் சேர்ந்தபோது ஆசிரியருக்கு வயது 21.

அந்த ஆண்டிலேயே தம் தாயின் முகத்தைச் சிறு செப்புத் தகடுகளில் அவர் வரைந்தார். முதுமையின் சுருக்கங்களை மறைக்காமல், மெல்லிய கோடுகளால் பதிவு செய்த படங்கள் அவை. கண்ணாடியின் முன் நின்று தம் முகத்தையே சிரித்தும், சினந்தும், வியந்தும் வரைந்து பழகியதும் இக்காலத்தில்தான். மாதிரியாக அமர்வோருக்குக் கூலி கொடுக்க வேண்டாத வகையில், வீட்டில் உள்ளவர்களே அவருடைய முதல் பாடநூலாக அமைந்தனர். பிற்காலத்தில் செல்வம் வந்த பின்னும் அந்தப் பழக்கத்தை அவர் விடவில்லை.

செம்பும் அமிலமும்

எட்சிங் எனப்படும் அமில அரிப்பு அச்சுக்கலை, ஓவியருக்கு எழுதுகோலின் சுதந்திரத்தை அளிப்பது. வழுவழுப்பாக்கிய செப்புத் தகட்டின் மீது மெழுகும் பிசினும் கலந்த மெல்லிய பூச்சு தடவப்படும். அதன் மேல் ஊசியால் கோடு இழுத்தால், அந்த இடத்தில் மட்டும் பூச்சு விலகிச் செம்பு வெளிப்படும். தகட்டை அமிலத்தில் இட்டால், வெளிப்பட்ட கோடுகளை அமிலம் அரித்துப் பள்ளமாக்கும். பூச்சை நீக்கி, தகடு முழுவதும் மை தடவித் துடைத்தால் பள்ளங்களில் மட்டும் மை தங்கும். ஈரமாக்கிய காகிதத்தை அதன் மேல் வைத்து உருளைப் பொறியில் அழுத்தும்போது கோடுகள் காகிதத்தில் பதியும்.

தகட்டில் வலப்புறம் இருப்பது காகிதத்தில் இடப்புறமாக விழும். ஆகவே பெயரும் ஆண்டும் காகிதத்தில் நேராகத் தெரிய வேண்டுமானால், தகட்டில் அவற்றைத் தலைகீழ் வரிசையில் எழுத வேண்டும். மரத்திலோ உலோகத்திலோ உளியால் செதுக்கும் முறையைவிட இது விரைவானது. கண் பார்த்ததைக் கை உடனே தகட்டில் இட முடியும். அமிலத்தில் நீண்ட நேரம் இருந்த கோடு கருமையாகவும், சிறிது நேரமே இருந்த கோடு மங்கலாகவும் அமையும். அமிலம் இன்றி நேரடியாக ஊசியால் தகட்டைக் கீறும் முறையையும் ரெம்பிராண்ட் இதனுடன் இணைத்தார். அவ்வாறு கீறும்போது கோட்டின் ஓரத்தில் எழும் செம்புப் பிசிறு மையைப் பிடித்துக்கொண்டு, வெல்வெட் போன்ற அடர்ந்த நிழலைத் தரும்.

தம் வாழ்நாளில் ஏறத்தாழ 300 அச்சுப்படங்களை அவர் உருவாக்கினார். எண்ணெய் ஓவியம் ஒருவர் வீட்டுச் சுவரில் மட்டுமே தொங்கும். ஒரே தகட்டிலிருந்து எடுத்த பிரதிகளோ ஐரோப்பாவின் பல நகரங்களுக்கும் சென்றன. அவருடைய ஓவியம் ஒன்றைக்கூட நேரில் காணாதவர்களும் இந்தப் பிரதிகள் வழியே அவரை அறிந்தனர்.

சாஸ்கியாவின் வருகை

1631ஆம் ஆண்டளவில் ரெம்பிராண்ட் ஆம்ஸ்டர்டாமுக்குக் குடிபெயர்ந்தார். உலக வாணிகத்தின் மையமாக வளர்ந்துகொண்டிருந்த அந்நகரின் வணிகர்களும் மருத்துவர்களும் தங்கள் உருவப்படங்களை விரும்பி வரையச் செய்தனர். ஓவிய வணிகர் ஹெண்ட்ரிக் உய்லென்பர்க்கின் இல்லத்தில் தங்கி, அவருடைய பட்டறையில் பணியாற்றினார். 1632இல் வரைந்த டாக்டர் டுல்ப்பின் உடற்கூறியல் பாடம் என்னும் ஓவியம் அவரை ஒரே ஆண்டில் நகரின் முதன்மை ஓவியராக்கியது.

உய்லென்பர்க்கின் உறவுப் பெண்ணே சாஸ்கியா. வடக்கே ஃபிரீஸ்லாந்து பகுதியின் லீவார்டன் நகரில் மேயராக இருந்தவரின் மகள். இளம் வயதிலேயே தாயையும் தந்தையையும் இழந்தவர். இருவருக்கும் 1633 ஜூன் மாதம் திருமணம் நிச்சயமானது. நிச்சயமான மூன்றாம் நாள், வைக்கோல் தொப்பியும் கையில் பூவுமாக அமர்ந்திருந்த சாஸ்கியாவை, பதப்படுத்திய தோலின் மீது வெள்ளி முனையால் ரெம்பிராண்ட் வரைந்தார். படத்தின் அடியில் நாளையும் தம் கையாலேயே குறித்து வைத்தார். அழிக்க இயலாத கோடு இடும் அந்தக் கருவியை அவர் பயன்படுத்தியது மிக அரிது. 1634ஆம் ஆண்டு ஃபிரீஸ்லாந்தில் திருமணம் நடந்தது.

ஆலைக்காரரின் மகனுக்கும் மேயரின் மகளுக்கும் இடையிலான அந்தத் திருமணத்தில் செல்வமும் வந்தது, உறவினரின் முணுமுணுப்பும் வந்தது. சாஸ்கியா தம் தந்தைவழிச் சொத்தை ஆடம்பரத்தில் கரைக்கிறார் என்று உறவினர் சிலர் பேசியதை எதிர்த்து, 1638இல் ரெம்பிராண்ட் அவதூறு வழக்குத் தொடுத்தார். தம் வீட்டில் செல்வத்துக்குக் குறைவில்லை என்பது அவருடைய வாதம். உண்மையில், ஏலங்களில் ஓவியங்களையும் அச்சுப்படங்களையும் அரும்பொருள்களையும் கட்டுப்பாடின்றி வாங்கும் பழக்கம் அவருக்கு அப்போதே தொடங்கிவிட்டது.

மேசையின் இரு புறம்

1635 டிசம்பரில் முதல் மகன் பிறந்தான். சாஸ்கியாவின் தந்தை பெயரால் ரும்பார்டஸ் என அழைக்கப்பட்ட அக்குழந்தை, இரண்டு மாதங்களில், 1636 பிப்ரவரியில் இறந்தது. மேசையருகே கணவனும் மனைவியும் இருக்கும் அச்சுப்படம் அந்த ஆண்டைத் தாங்கி நிற்கிறது.

இதற்குச் சற்று முன்னர் வரைந்த எண்ணெய் ஓவியமொன்றில் ரெம்பிராண்ட் தம்மை மதுக்கோப்பை ஏந்திய ஊதாரி மகனாகவும், சாஸ்கியாவை மடியில் அமர்ந்த தோழியாகவும் சித்திரித்திருந்தார். விவிலியக் கதையைச் சொல்லும் அந்த ஓவியத்தில் பட்டும் சிரிப்பும் நிறைந்திருந்தன. அச்சுப்படம் அதற்கு நேர்மாறானது. இதில் கணவன் வேலை செய்கிறான், மனைவி உடனிருக்கிறாள். அவருடைய உருவம் முன்புறத்தில் அழுத்தமான கோடுகளால் கருத்துப் பெரிதாக நிற்கிறது. சாஸ்கியாவின் உருவம் மெல்லிய கோடுகளால் வெளிச்சம் படிந்து, சிறிதாகப் பின்னால் அமைகிறது. கண்ணாடியில் தம் இருவரையும் பார்த்தவாறே வரையும் ஓவியரின் பார்வை, படத்தைக் காண்பவர் மேல் நேராக விழுகிறது.

அந்நாளைய ஓவியர்கள் திருமணப் படங்களில் கணவனையும் மனைவியையும் கைகோத்து நிற்கச் செய்வது வழக்கம். இங்கே இருவரையும் இணைப்பது வேலை நடக்கும் மேசைதான். ஓவியரின் பட்டறை வீட்டுக்கு வெளியே இருந்த இடம் அன்று, வீடே பட்டறை. சமையலும், கைக்குழந்தையின் அழுகையும், மாணவர்களின் பேச்சும், வாடிக்கையாளர்களின் வரவும் ஒரே கூரையின் கீழ் நிகழ்ந்தன.

அதே 1636ஆம் ஆண்டு, சாஸ்கியாவின் முகத்தையும் வேறு சில தலைகளையும் ஒரே தகட்டில் சிதறலாக வரைந்து மற்றோர் அச்சுப்படத்தையும் அவர் வெளியிட்டார். குறிப்பேட்டின் பக்கம்போல் அமைந்த அந்தப் படத்தைச் சேகரிப்பாளர்கள் விரும்பி வாங்கினர். மனைவி படுக்கையில் சாய்ந்திருப்பதையும், தாதி அருகே அமர்ந்திருப்பதையும் பேனாவாலும் மைக் கரைசலாலும் அவர் வரைந்த தாள்களும் இன்று அருங்காட்சியகங்களில் உள்ளன. அவை விற்பனைக்காக வரைந்தவை அல்ல. அவற்றில் சாஸ்கியா பெரும்பாலும் களைத்துக் காணப்படுகிறார்.

13,000 கில்டர் வீடு

1639 ஜனவரியில் சின்ட் அந்தோனிஸ்பிரேஸ்திராத் என்னும் தெருவில் பெரிய வீடொன்றை 13,000 கில்டருக்கு ரெம்பிராண்ட் வாங்கினார். மொத்தத் தொகையையும் ஒரே நேரத்தில் செலுத்தாமல், தவணை முறையில் கட்ட ஒப்புக்கொண்டார். மேல்தளத்தில் வடக்கு வெளிச்சம் விழும் பெரிய ஓவியக்கூடம் இருந்தது. மாணவர்கள் மாடியில் பயின்றனர். மாணவர் ஒருவர் ஆண்டுக்கு 100 கில்டர் கட்டணம் செலுத்தியதாக அக்கால ஓவியரும் எழுத்தாளருமான சாண்ட்ரார்ட் பதிவு செய்துள்ளார். சேகரித்த அரும்பொருள்களுக்கென்றே தனி அறை இருந்தது. கடற்சிப்பிகள், தலைக்கவசங்கள், பண்டைய சிலைகளின் அச்சு வார்ப்புகள், இத்தாலிய, ஜெர்மானிய ஓவியர்களின் அச்சுப்படத் தொகுப்புகள் ஆகியவை அதில் நிறைந்தன.

தொட்டில் மட்டும் வெறுமையாகவே இருந்தது. 1638 ஜூலையில் பிறந்த மகள் கார்னேலியா மூன்று வாரங்களில் இறந்திருந்தாள். 1640இல் பிறந்து அதே பெயர் சூட்டப்பட்ட மற்றொரு மகளும் ஒரு மாதம்கூட வாழவில்லை. கார்னேலியா என்பது ரெம்பிராண்ட்டின் தாயின் பெயர். அந்தத் தாயும் அதே 1640இல் மறைந்தார். இந்த ஆண்டுகளுக்கு இடையே, 1639இல் ரெம்பிராண்ட் வெளியிட்ட சிறு அச்சுப்படம் ஒன்று, அழகிய உடையணிந்த இளம் தம்பதி திறந்த கல்லறையின் முன் நிற்பதையும், உள்ளிருந்து மரணம் எலும்புக்கூடாக எழுவதையும் காட்டுகிறது.

1641 செப்டம்பரில் டைட்டஸ் பிறந்தான். அவ்வாண்டு மறைந்த சாஸ்கியாவின் சகோதரி டிட்டியாவின் நினைவாக அந்தப் பெயர் இடப்பட்டது. நான்கு குழந்தைகளில் வளர்ந்து ஆளானவன் அவன் ஒருவனே. ஆனால் பிரசவத்துக்குப் பின் சாஸ்கியா எழுந்து நடமாடும் நிலை பெறவில்லை. அவரைப் பீடித்தது காசநோய் என்று கருதப்படுகிறது. 1642 ஜூன் 5ஆம் நாள் உயில் எழுதினார். தம் பங்குச் சொத்துக்கு டைட்டஸை வாரிசாக்கி, கணவர் அதன் பயனை அனுபவிக்கலாம் என்றும், அவர் மறுமணம் செய்தால் அந்த உரிமை நீங்கும் என்றும் வகுத்தார். ஜூன் 14ஆம் நாள், 30 வயது நிறையும் முன்பே அவர் உயிர் பிரிந்தது. ஆம்ஸ்டர்டாமின் பழைய தேவாலயத்தில் அடக்கம் நடந்தது. ரெம்பிராண்ட்டின் புகழ் உச்சிக்குச் சென்ற இரவுக் காவல் ஓவியம் நிறைவு பெற்றதும் அதே ஆண்டில்தான்.

நடைவண்டியும் மாணவர்களும்

சாஸ்கியாவின் மறைவுக்குப் பின் வீட்டின் இயல்பு மாறியது. அச்சுப்படங்களின் இயல்பும் மாறியது. 1646ஆம் ஆண்டளவில் அவர் உருவாக்கிய படமொன்றில், மாதிரியாக நிற்கும் இளைஞர் ஒருவரும் அமர்ந்திருக்கும் மற்றொருவரும் முன்புறத்தில் இருக்கின்றனர். இருவரும் ஆடையற்றவர்கள், மாணவர்கள் உடலமைப்பைக் கற்பதற்காக நிறுத்தப்பட்டவர்கள். அவர்களுக்குப் பின்னால், மிக மெல்லிய கோடுகளில், குழந்தையொன்று நடைவண்டியைப் பிடித்துத் தத்தி நடக்கிறது. பெண்ணொருத்தி கைகளை நீட்டி அதைத் தன்னிடம் அழைக்கிறாள்.

பயிற்சிப் பட்டறையும் குடும்பமும் ஒரே தகட்டில் சேர்ந்த அந்தப் படம், நடைவண்டி என்ற பெயராலேயே நெதர்லாந்தில் அறியப்படுகிறது. விழுந்து எழுந்து நடை பழகும் குழந்தைபோல், வரைந்து வரைந்தே கை பழக வேண்டும் என்ற பாடத்தை மாணவர்களுக்கு அது புகட்டுவதாகக் கலை வரலாற்றாசிரியர்கள் விளக்குகின்றனர். அதே மாதிரி இளைஞரை வெவ்வேறு கோணங்களிலிருந்து மாணவர்கள் வரைந்த தாள்களும் கிடைத்துள்ளன. ஆசிரியர் தகட்டில் கீறிக்கொண்டிருந்த அதே வேளையில், மாணவர்கள் அவரைச் சுற்றி அமர்ந்து காகிதத்தில் வரைந்தனர் என்பதை அவை காட்டுகின்றன.

1648இல் மீண்டும் ஒருமுறை வேலை செய்யும் கோலத்தில் தம்மை அவர் தகட்டில் வரைந்தார். 1636இன் படத்தை இதன் அருகே வைத்துப் பார்த்தால் இடைப்பட்ட 12 ஆண்டுகளும் விளங்கும். பகட்டான தொப்பி இல்லை. எளிய வேலை உடை. சன்னல் அருகே அமர்ந்து, புத்தகங்களின் மேல் வைத்த தாளில் வரைகிறார். வெளிச்சம் ஒரு பக்கமாக வந்து முகத்தின் பாதியைக் காட்டுகிறது. பார்வை நேராக இருக்கிறது. மேசையின் மறுபுறம் யாரும் இல்லை.

வீட்டுக்குள் எழுந்த வழக்குகள்

குழந்தை டைட்டஸை வளர்க்க வந்த தாதி, கீர்ட்யே டிர்க்ஸ் என்னும் கைம்பெண். ரெம்பிராண்ட்டுக்கும் அவருக்கும் நெருக்கம் ஏற்பட்டது. சாஸ்கியாவின் நகைகள் சில அவர் கைக்கு வந்தன. 1647ஆம் ஆண்டளவில் ஹெண்ட்ரிக்கே ஸ்டோஃபெல்ஸ் என்ற இளம்பெண் பணிப்பெண்ணாக வந்த பின், கீர்ட்யே வீட்டை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. திருமண வாக்குறுதி தந்து ஏமாற்றியதாக 1649இல் அவர் வழக்குத் தொடுத்தார். ஆண்டுக்கு 200 கில்டர் வாழ்நாள் உதவித்தொகை வழங்குமாறு ரெம்பிராண்ட்டுக்கு உத்தரவிடப்பட்டது.

அடுத்த ஆண்டே கீர்ட்யே ஹவுடா நகரின் பெண்கள் சீர்திருத்த இல்லத்தில் அடைக்கப்பட்டார். அதற்கு ரெம்பிராண்ட் முனைந்து செயல்பட்டார் என்பதை ஆவணங்கள் தெளிவாக்குகின்றன. 1655இல்தான் அவர் விடுதலை பெற்றார். மனித முகத்தின் துயரத்தை இத்துணை பரிவுடன் வரைந்த கை, தம் வீட்டில் வாழ்ந்த ஒரு பெண்ணிடம் இரக்கமின்றி நடந்துகொண்டது என்ற உண்மை அவருடைய வரலாற்றில் நீங்காத கறை.

சாஸ்கியாவின் உயில் காரணமாக ஹெண்ட்ரிக்கேயை ரெம்பிராண்ட் மணக்கவில்லை. மணந்தால், மகனின் சொத்தைப் பிரித்து ஒப்படைக்க வேண்டியிருக்கும். அதற்கான பணம் அவரிடம் இல்லை. 1654இல் கருவுற்றிருந்த ஹெண்ட்ரிக்கேயைத் திருச்சபை விசாரணைக்கு அழைத்தது. மணமின்றி வாழ்ந்த குற்றத்துக்காகத் திருவிருந்தில் பங்கேற்கத் தடை விதித்தது. தண்டனை அந்தப் பெண்ணுக்கு மட்டுமே கிடைத்தது. அவ்வாண்டு அக்டோபரில் மகள் பிறந்தாள். இறந்துபோன இரு குழந்தைகளின் பெயரான கார்னேலியா, மூன்றாம் முறையாக அவளுக்குச் சூட்டப்பட்டது.

முகலாய ஓவியங்களும் கடன் சுமையும்

வீட்டுக் கடன் தீரவில்லை. இங்கிலாந்துடன் 1652 முதல் 1654 வரை நடந்த போரால் ஆம்ஸ்டர்டாமின் வாணிகம் நலிந்தபோது, கடன் கொடுத்தோர் நெருக்கத் தொடங்கினர். ஒரு கடனை அடைக்க வேறு கடன்களை ரெம்பிராண்ட் வாங்கினார். 1656 ஜூலையில், சொத்துகளைக் கடன்காரர்களின் பொருட்டு ஒப்படைக்கும் நடைமுறைக்கு விண்ணப்பித்தார். அதிகாரிகள் அறை அறையாகச் சென்று பட்டியலிட்டதில் 363 இனங்கள் பதிவாயின.

அரும்பொருள்களிடையே நுண்ணோவியத் தொகுப்பு ஒன்றும் அப்பட்டியலில் குறிக்கப்பட்டுள்ளது. இந்தக் காலகட்டத்தில்தான் முகலாய இந்தியாவின் நுண்ணோவியங்களைப் பார்த்து ரெம்பிராண்ட் வரிசையாகப் படங்கள் வரைந்தார். சூரத் முதலிய துறைமுகங்களில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி வாணிகம் செய்த காலம் அது. ஆசியாவிலிருந்து வந்த காகிதத்தில், நுண்ணிய பேனாக் கோடுகளால் வரைந்த இவற்றில் ஏறத்தாழ 23 இன்று அறியப்படுகின்றன. பேரரசர் ஷாஜகானும், மகன் தாரா ஷிகோவும், அரசவைப் பிரபுக்களும் அவற்றில் இடம்பெறுகின்றனர். இந்தியாவுக்கு ஒருபோதும் வராத ஓவியர், முகலாய ஓவியரின் கோட்டை மாணவனின் பணிவோடு பின்தொடர்ந்த சான்றுகள் அவை.

மரத்தடியில் அமர்ந்து உரையாடும் நான்கு முதியவர்களைக் காட்டும் முகலாய ஓவியத்தையும் அவர் நகல் எடுத்தார். 1656ஆம் ஆண்டு அவர் உருவாக்கிய அச்சுப்படத்தில், ஆபிரகாம் தம் வீட்டு வாசலில் வானதூதர்களுக்கு விருந்தளிக்கும் காட்சி அதே அமைப்பைத் தழுவியுள்ளது. தரையில் விரிப்பிட்டு அமர்ந்து உண்ணும் விருந்தினர் வரிசையை ஐரோப்பிய மேசை நாற்காலியின்றி அமைக்க, இந்திய ஓவியமே அவருக்கு வழிகாட்டியது. ஆக்ராவில் ஷாஜகான் மகன் ஔரங்கசீப்பால் சிறை வைக்கப்பட்ட 1658ஆம் ஆண்டில், ஆம்ஸ்டர்டாமில் ரெம்பிராண்ட்டின் வீடு ஏலத்தில் 11,000 கில்டருக்குச் சற்று அதிகமான விலைக்குப் போனது. வாங்கிய விலையைக்கூட அது எட்டவில்லை. சேகரித்த பொருள்கள் யாவும் விற்கப்பட்டன.

மகனின் முகத்தைச் செப்புத் தகட்டில் ரெம்பிராண்ட் வரைந்ததும் இந்த நெருக்கடிக் காலத்திலேதான். 14 அல்லது 15 வயதுச் சிறுவனாக, கண்களைத் தாழ்த்தி, சிந்தனையில் ஆழ்ந்தவனாக டைட்டஸ் அதில் தோன்றுகிறான். முந்தைய ஆண்டு வரைந்த எண்ணெய் ஓவியத்திலோ, எழுதுமேசையில் கன்னத்தைக் கையால் தாங்கி, பேனாவோடு அவன் யோசித்துக்கொண்டிருக்கிறான்.

மகனிடம் வேலை பார்த்த தந்தை

குடும்பம் ரோசன்கிராக்ட் பகுதியில் வாடகை வீட்டுக்குச் சென்றது. கடன்காரர்கள் ரெம்பிராண்ட்டின் புதிய படைப்புகளையும் பறிமுதல் செய்யாதபடி, 1660 டிசம்பரில் ஹெண்ட்ரிக்கேயும் டைட்டஸும் கூட்டாக ஓவிய வணிகம் ஒன்றைப் பதிவு செய்தனர். அதில் ரெம்பிராண்ட் பணியாளர். அவர் வரைவதெல்லாம் நிறுவனத்துக்குச் சொந்தம். பதிலாக உணவும் உறைவிடமும் அவருக்குக் கிடைக்கும். பட்டறையை வீட்டில் அமைத்தவர், இறுதியில் தம் வீட்டாரின் பட்டறையில் ஊழியரானார். அந்த ஏற்பாடு அவரைக் காத்தது. துணி வணிகச் சங்கத்தின் தர ஆய்வாளர்கள், யூத மணமகள் போன்ற மாபெரும் ஓவியங்கள் இந்த ஆண்டுகளில் பிறந்தவை.

பணமுடை தீரவில்லை. 1662இல் பழைய தேவாலயத்தில் இருந்த சாஸ்கியாவின் கல்லறை உரிமையையும் அவர் விற்றார். 1663இல் ஹெண்ட்ரிக்கே மறைந்தார். 1668 பிப்ரவரியில் திருமணம் செய்த டைட்டஸ், அவ்வாண்டு செப்டம்பரிலேயே, 27 வயது நிறையும் முன் இறந்தார். அவருடைய மகள் டிட்டியா 1669 மார்ச்சில் பிறந்தாள். தந்தை முகம் காணாத பேத்தியைப் பார்த்த தாத்தா, அந்த ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள், 63ஆம் வயதில் கண் மூடினார். மேற்குத் தேவாலயத்தில், பெயர் பொறிக்காத வாடகைக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய ஓவியக்கூடத்தில் முற்றுப்பெறாத ஓவியமொன்று இருந்தது. பார்வை மங்கிய முதியவர் சிமியோன், கைக்குழந்தை இயேசுவைத் தம் இரு கைகளிலும் ஏந்தியிருக்கும் காட்சி அது.

எஞ்சிய மகள் கார்னேலியா, ஓவியர் கார்னேலிஸ் சௌட்ஹோஃபை மணந்து, இன்றைய ஜகார்த்தாவான படேவியாவுக்குக் கப்பலேறினார். அங்கே பிறந்த மகன்களுக்கு ரெம்பிராண்ட், ஹெண்ட்ரிக் என்று தம் பெற்றோரின் பெயர்களையே இட்டார்.

கடனால் பறிபோன வீடு, 1911 முதல் ரெம்பிராண்ட் அருங்காட்சியகமாக விளங்குகிறது. 1656ஆம் ஆண்டுப் பட்டியலின் துணையோடு, எந்த அறையில் எந்தப் பொருள் இருந்தது என்று அறிந்து அறைகள் மீண்டும் அமைக்கப்பட்டன. கடன்காரர்களுக்காக எழுதப்பட்ட பட்டியலே வீட்டை மீட்கும் வரைபடமாகப் பயன்பட்டது. செப்புத் தகட்டில் பூச்சிட்டு, கீறி, மை தடவி, அச்சிடும் முறை அங்கே பார்வையாளர்களுக்குச் செய்து காட்டப்படுகிறது. அவருடைய அச்சுப்படங்கள் பெரும்பாலானவை அந்த அருங்காட்சியகத்தின் தொகுப்பில் உள்ளன.

தொப்பி நிழலில் அமர்ந்து வரையும் கணவனும், மேசைக்கு அப்பால் வெளிச்சத்தில் அமர்ந்திருக்கும் மனைவியும் கொண்ட 1636ஆம் ஆண்டுப் படத்தின் பிரதிகள் உலகின் பல அருங்காட்சியகங்களில் காக்கப்படுகின்றன. சாஸ்கியாவின் கல்லறை கைமாறியது, அவருடைய நகைகள் வழக்குப் பொருளாயின, சொத்து கரைந்தது. 24ஆம் வயதில் கணவரின் வேலை மேசையருகே அவர் அமர்ந்திருந்த ஒரு பொழுது மட்டும் கைமாறிக் கைமாறியும் கலையாமல் இருக்கிறது.